"மாத்திரை போடறேன், ஆனா பிபி இல்லை" – சர்வே கணக்கும் உங்க இன்சூரன்ஸ் படிவமும்



டெர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி எப்போ வீடியோ போட்டாலும் கமெண்ட்ல வர்ற கேள்விகள்ல பாதி ஒரே ரகம்தான். "பிபிக்கு மாத்திரை போடறேன், இப்போ நார்மலா இருக்கு. படிவத்துல என்ன போடணும்?" "ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு சிகரெட். நானும் ஸ்மோக்கரா சார்?" "கம்பெனி கேம்ப்ல சுகர் 152 காட்டுச்சு. டாக்டர்கிட்ட போகல. அதைச் சொல்லணுமா?"

ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அடுத்த கம்பெனி படிவத்துல கேள்வி கொஞ்சம் மாறினா அந்தப் பதில் உதவாது. அதனால இன்னிக்கு அடிப்படையில இருந்து பாப்போம். அரசாங்கம் நடத்துற உடல்நல சர்வேக்கள்ல ஒருத்தருக்கு "ரிஸ்க் ஃபேக்டர்" இருக்கா இல்லையான்னு எப்படி முடிவு பண்றாங்க? இது புரிஞ்சா எந்தப் படிவம் வந்தாலும் நீங்களே சரியா நிரப்பிடுவீங்க.

ரிஸ்க் ஃபேக்டர்னா என்ன?

ரிஸ்க் ஃபேக்டர் எல்லாமே நோய் இல்லை. நோய் வர்ற வாய்ப்பைக் கூட்டுற விஷயம், அவ்வளவுதான். புகையிலை, மது, உடல் உழைப்பு இல்லாமை, அதிக எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை இதெல்லாம் அந்தப் பட்டியல்ல வரும்.

வருமான வரி சட்டத்துல ஒருத்தர் 'இந்தியாவில் வசிப்பவரா'ன்னு பாக்க, "உங்க சொந்த ஊர் எது?"ன்னு கேக்க மாட்டாங்க. அந்த வருஷத்துல 182 நாள் இங்க இருந்தீங்களான்னு எண்ணுவாங்க. சர்வேயும் அதே மாதிரிதான். "நீங்க குடிகாரரா?"ன்னு கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அதனால மூணு விஷயத்தைப் பிரிச்சுக் கேப்பாங்க: என்ன பழக்கம் அல்லது என்ன அளவு, எந்த எல்லைக்கு மேல, எந்தக் கால வரம்புக்குள்ள. இந்த மூணுல ஒண்ணு மாறினாலும் அதே ஆள் ஒரு சர்வேயில "ஆம்", இன்னொண்ணுல "இல்லை" ஆகிடுவார்.

நம்ம மாநிலத்துல நடந்த ரெண்டு சர்வே

முதலாவது, தேசிய குடும்ப நல ஆய்வோட 5-வது சுற்று, 2019-21. வீட்டுக்கே வந்து, 15 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு பிபியும் சுகரும் அளந்தாங்க. ரெண்டாவது, தமிழ்நாடு அரசு 2020-ல நடத்துன ஸ்டெப்ஸ் சர்வே. உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை அது. பேருக்கேத்த மாதிரி மூணு படி: முதல்ல கேள்வித்தாள், அடுத்து உயரம், எடை, இடுப்பளவு, பிபி, கடைசியா ரத்தப் பரிசோதனை.

ஏன் மூணு படி? வாயால சொல்றதை மட்டும் நம்பினா கணக்கு குறைஞ்சு வரும். எடையைக் குறைச்சுச் சொல்வோம், உயரத்தை ஏத்திச் சொல்வோம். பிபி இருக்கறதே தெரியாதவர் "இல்லை"ன்னுதான் சொல்வார். அவர் பொய் சொல்லல, பார்த்ததே இல்லை.

குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுப் பெண்கள்ல 24.8 சதவீதம், ஆண்கள்ல 30.2 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். ஸ்டெப்ஸ்ல 33.9 சதவீதம். ரெண்டுமே 140/90-ங்கிற எல்லையைத்தான் வச்சிருக்கு. அப்புறம் ஏன் வித்தியாசம்? ஒண்ணு 15 வயசுலயே ஆரம்பிக்குது, இன்னொண்ணு பெரியவங்களை மட்டும் எடுக்குது. எடுத்த ஆட்களும் வேற, அளந்த விதமும் வேற. ரெண்டு கம்பெனி லாபத்தை ஒப்பிடும்போது அக்கவுண்டிங் பாலிசி குறிப்பைப் படிக்கணும்னு சொல்வோமே, அதே கதைதான். எண்ணைப் பாக்கறதுக்கு முன்னாடி விளக்கக் குறிப்பைப் பாருங்க.

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கலாம்

பேரு செல்வம்னு வச்சுக்குவோம். 42 வயசு. வீடு மீஞ்சூர், வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்ல. வீட்ல இருந்து ஸ்டேஷனுக்கு 15 நிமிஷ நடை. உயரம் 165 செ.மீ., எடை 66 கிலோ. பிபி மாத்திரை போடறார், அளந்தா 124/80. ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு சிகரெட். கேம்ப்ல சாப்பிட்ட பிறகு பார்த்த சுகர் 152. இவருக்கு எத்தனை ரிஸ்க் ஃபேக்டர்?

பிபி: ரெண்டு சர்வேயிலயும் விதி ஒண்ணுதான். அளவு 140/90 அல்லது அதுக்கு மேல, *அல்லது மருந்து எடுத்துக்கறவர்*. இந்த "அல்லது" ரொம்ப முக்கியம். செல்வத்தோட 124/80 மாத்திரையால வந்த எண். அதனால சர்வே கணக்குல அவர் பிபி உள்ளவர், கட்டுக்குள்ள வச்சிருக்கறவர். 2020 ஸ்டெப்ஸ்ல பிபி உள்ளவங்கள்ல கட்டுக்குள்ள வச்சிருந்தவங்க வெறும் 7.3 சதவீதம். சர்க்கரையில 10.8 சதவீதம். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டு வர்றது ஏன்னு இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்.

சுகர்: குடும்ப நல ஆய்வுல எந்த நேரத்துல எடுத்த ரத்தமா இருந்தாலும் 141-160 மி.கி. "அதிகம்", 160-க்கு மேல "மிக அதிகம்". செல்வம் 152, அதனால "அதிகம்". ஸ்டெப்ஸ் முறையில வெறும் வயித்துல 126-ம் அதுக்கு மேலயும் இருந்தாத்தான் கணக்கு. அங்க அவர் வெறும் வயித்துல 100 காட்டினா வெளியே வந்துடுவார். டாக்டர் கணக்கு இன்னும் வேற: சாப்பிட்ட பிறகு எடுத்த 152-ஐ மட்டும் வச்சு யாரும் சர்க்கரை நோய்னு எழுத மாட்டாங்க. திரும்ப டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க. குடும்ப நல ஆய்வோட "22.1 சதவீத தமிழ்நாட்டு ஆண்களுக்கு சுகர் அதிகம்"ங்கிற எண்ணை "22 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள்"னு வாசிக்கக் கூடாதுங்கறது இதனாலதான்.

எடை: 66 கிலோவை 1.65 மீட்டரோட வர்க்கத்தால வகுத்தா பிஎம்ஐ 24.2. குடும்ப நல ஆய்வுல எல்லை 25. செல்வம் நார்மல். ஆனா நம்ம உடம்புக்கு, குறைஞ்ச எடையிலயே வயித்துக் கொழுப்பும் சர்க்கரையும் வருதுன்னு, இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-ல வகுத்த எல்லை 23. அந்தக் கணக்குல அவர் அதிக எடை. இதே உயரத்துக்கு 23-ன்னா 62.6 கிலோ, 25-ன்னா 68 கிலோ. இடைப்பட்ட அஞ்சரை கிலோவுல இருக்கற எல்லாரும் ஒரு கணக்குல உள்ளே, இன்னொண்ணுல வெளியே.

உடல் உழைப்பு: ஸ்டெப்ஸ் முறையில வேலை, பயணம், பொழுதுபோக்கு மூணையும் கூட்டுவாங்க. மிதமான உழைப்பு ஒரு நிமிஷத்துக்கு 4 புள்ளி, கடுமையானதுக்கு 8. வாரத்துக்கு 600 வந்தா போதும். செல்வம் போக 15, வர 15, வாரம் 6 நாள், மொத்தம் 180 நிமிஷம். நாலால பெருக்கினா 720. பாஸ்! அமெரிக்காவுல 1984-ல இருந்து போன்ல நடக்குற பிஆர்எஃப்எஸ்எஸ் சர்வேயில கேள்வியே வேற. "வேலையைத் தவிர" போன மாசம் ஏதாவது உடற்பயிற்சி செஞ்சீங்களான்னு கேப்பாங்க. உதாரணத்துக்கு ஓட்டம், தோட்ட வேலையோட கோல்ஃபும் வரும். அந்தக் கேள்வியை நம்ம சிப்காட்ல நாள் முழுக்க மூட்டை தூக்கறவர்கிட்ட கேட்டா அவர் "உழைப்பில்லாதவர்" ஆகிடுவார்!

புகை: 2016-17-ல நடந்த உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வுல "தினமும், தினமும் இல்லாம எப்பவாவது, இல்லவே இல்லை"ன்னு மூணு பதில். முதல் ரெண்டும் புகைப்பவர்தான். செல்வம் உள்ளே. அமெரிக்க சர்வேயில முதல்ல "வாழ்நாள்ல 100 சிகரெட் தாண்டியாச்சா?"ன்னு கேப்பாங்க. செல்வம் ஒரு வருஷத்துல 52. அங்க அவர் புகைப்பவரே இல்லை!

சர்வேயில தப்பினா செலவில்லை, படிவத்துல தப்பினா?

சர்வேயில தப்பாச் சொன்னா மாநில சராசரி கொஞ்சம் நகரும், உங்க பாக்கெட்டுக்கு ஒண்ணும் ஆகாது. இன்சூரன்ஸ் படிவம் அப்படி இல்லை. அதுவும் ஒரு கேள்வித்தாள்தான், ஆனா கீழே உங்க கையெழுத்து இருக்கு.

ஹெல்த் இன்சூரன்ஸ்ல 'ஏற்கெனவே இருக்கும் நோய்'க்கு ஐஆர்டிஏஐ கொடுத்த விளக்கம்: பாலிசி எடுக்கறதுக்கு முந்தின 36 மாசத்துக்குள்ள டாக்டர் கண்டுபிடிச்சது, அல்லது அதுக்கு மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ சொல்லப்பட்டது, எடுத்துக்கிட்டது. பாத்தீங்களா? இங்க அளவு எங்கயும் இல்லை. மாத்திரையும் ஆலோசனையும்தான் எல்லை. "நார்மலா இருக்கு"ங்கற வாதம் செல்லாது. செல்வம் பிபிக்கு "ஆம்"னுதான் போடணும்.

போட்டா என்ன ஆகும்? 2024 விதிகள்படி இந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். போடலைன்னா? 60 மாசம் தொடர்ந்து கட்டி முடிக்கற வரைக்கும், மறைச்சதைக் காரணம் காட்டி கிளைமை மறுக்கலாம். மோசடின்னு நிரூபிச்சா அதுக்குப் பிறகும் மறுக்கலாம்.

டெர்ம் இன்சூரன்ஸ்ல காப்பீட்டுச் சட்டம் 45-வது பிரிவு. 3 வருஷம் முடிஞ்சா எந்தக் காரணத்துக்காகவும் பாலிசியைக் கேள்வி கேக்க முடியாது. அந்த 3 வருஷத்துக்குள்ள இறப்பு நடந்து, முக்கியமான தகவல் தப்புன்னு தெரிஞ்சா கிளைமை மறுக்கலாம். மோசடி இல்லாத பட்சத்துல கட்டின பிரீமியம் மட்டும் திரும்ப வரும். யோசிச்சுப் பாருங்க, ஒரு கோடி எதிர்பார்த்து உக்காந்திருக்கற வீட்டுக்கு சில ஆயிரம் ரூபாய் திரும்பி வரும். அந்த நேரத்துல விளக்கம் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க.

அப்போ என்ன செய்யணும்?

1. ஒவ்வொரு கேள்வியிலயும் கால வரம்பைத் தேடுங்க. "கடந்த 12 மாதங்களில் புகையிலை"ன்னு இருந்தா ஞாயித்துக்கிழமை சிகரெட்டும் "ஆம்"தான். குட்கா, வாயில வைக்கற புகையிலை எல்லாமே சேரும். சில கம்பெனி சிறுநீர்ல கோட்டினின் பாப்பாங்க. புகையிலை எடுத்து சில நாள் வரைக்கும் அது காட்டிக் கொடுக்கும்.

2. "மருந்து எடுத்துக்கறீங்களா, ஆலோசனை சொல்லப்பட்டதா, டெஸ்ட்ல மாறுபாடு வந்ததா" மூணும் மூணு தனிக் கேள்வி. கேம்ப் சீட்டுல "மருத்துவரை அணுகவும்"னு எழுதியிருந்தா அதை ஆலோசனைன்னே எடுத்துக்குங்க, எழுதிடுங்க.

3. 152-ஐ அப்படியே விடாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல வெறும் வயித்துல பாருங்க, எச்பிஏ1சி-யும் எடுங்க. 6.5-க்குக் கீழே வந்தா அந்த ரிப்போர்ட்டையே படிவத்தோட இணைக்கலாம். மேலே வந்தா இன்சூரன்ஸை விட முக்கியமான ஒண்ணை இப்பவே கண்டுபிடிச்சிட்டீங்கன்னு அர்த்தம். "டெஸ்ட் எடுத்தாத்தானே சொல்லணும், எடுக்காமயே இருந்துடலாம்"னு சிலர் கணக்குப் போடறாங்க. பாலிசியைக் காப்பாத்தறேன்னு ஆளை விட்டுடற கணக்கு அது.

4. பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு, முன்தடுப்புப் பரிசோதனைக்கு வருஷம் 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. அது மொத்த வரம்புக்குள்ளதான் வரும். இந்தச் செலவை ரொக்கமா கொடுத்தாலும் கிடைக்கும்.

5. "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடலாம் சார்"னு ஏஜென்ட் சொன்னா பேனாவை நீங்க வாங்குங்க. பாலிசியோட வர்ற படிவ நகலை முதல் நாளே படிங்க. தப்பா இருந்தா எழுத்து மூலமா உடனே திருத்தச் சொல்லுங்க. ஒத்து வரலைன்னா 30 நாள் ஃப்ரீ லுக் காலத்துல திருப்பிக் கொடுக்கலாம்.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. பீரோவுல இருக்கற பாலிசியை எடுத்து, அதுல உங்க பேர்ல "இல்லை"ன்னு எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. ஒவ்வொரு "இல்லை"க்கும் நேரா கேள்வியோட முழு வாசகத்தையும் ஒரு தடவை படிங்க. சந்தேகம் வர்ற கேள்வியை வரி மாறாம கமெண்ட்ல டைப் பண்ணுங்க, அடுத்த வீடியோவுல ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்போம். பேரு, பாலிசி நம்பர் மட்டும் போட்டுடாதீங்க!