மொழியா, இலக்கியமா?

அமெரிக்காவில் பேரன் பேத்திகள் உள்ள நம் சங்க அன்பர்கள் 'ஏ.பி.' தேர்வு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். காலேஜ் போர்டு என்ற அமைப்பு ஆண்டுதோறும் மே மாதம் நடத்துவது இது. பள்ளியில் இருக்கும்போதே இதை எழுதித் தேறினால், கல்லூரியில் ஒரு பாடத்துக்கான கிரெடிட் கிடைக்கலாம். ஒரு பருவத்தின் உழைப்பும் அதற்குக் கட்டும் பணமும் மிச்சம்.

ஆங்கிலத்தில் இத்தேர்வு இரண்டு வகை. ஒன்று மொழி, மற்றது இலக்கியம். நியூஜெர்சியில் இருக்கும் என் பேத்திக்கு இலக்கியத்தில் ஆசை. மொழிதான் பயன்படும் என்கிறார் மாப்பிள்ளை. "தாத்தா, நீங்களே சொல்லுங்கள்" என்று அவள் கேட்டதால் இரண்டின் விவரங்களையும் படித்தேன்.

மொழித் தேர்வு 3 மணி 15 நிமிடம். முதல் ஒரு மணியில் 45 கொள்குறி வினாக்கள். பிறகு மூன்று கட்டுரைகள். முதலாவதில் ஒரு பொருளைப் பற்றி ஆறு ஆவணங்கள் தருவார்கள். குறைந்தது மூன்றையாவது சான்று காட்டித் தன் கருத்தை நிறுவ வேண்டும். இரண்டாவது, ஓர் எழுத்தாளர் வாசகரை எப்படி இணங்க வைக்கிறார் என்று ஆராய்வது. மூன்றாவது, சொந்தமாக வாதிடுவது. கதை, கவிதை இதில் இல்லை.

இலக்கியத் தேர்வு 3 மணி. முதல் ஒரு மணியில் 55 கொள்குறி வினாக்கள். கட்டுரைகள் இங்கும் மூன்று: ஒரு கவிதை, ஒரு கதைப்பகுதி, தானே தேர்ந்தெடுக்கும் ஒரு நாவல் அல்லது நாடகம். இரண்டு தேர்விலும் கட்டுரைகளுக்கே 55 விழுக்காடு.

ரயில்வேயில் விபத்து விசாரணை அறிக்கை எழுதியவன் நான். டிரைவர் ஒன்று சொல்வார், கார்டு ஒன்று சொல்வார், ஸ்டேஷன் மாஸ்டர் வேறொன்று சொல்வார். எதை ஏற்பது, ஏன் என்று காரணத்தோடு எழுத வேண்டும். மொழித் தேர்வு கேட்பது ஏறக்குறைய இந்தத் திறமையைத்தான். டிப்ளமா படிப்பில் இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, வேலையில்தான் கற்றேன். ஆகவே மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் கிரெடிட் தருவது காலேஜ் போர்டு அல்ல, கல்லூரி. மதிப்பெண் 1 முதல் 5 வரை. சில கல்லூரிகளுக்கு 3 போதும். சிலவற்றுக்கு 4 அல்லது 5 வேண்டும். கிரெடிட்டே தராதவையும் உண்டு. மொழித் தேர்வு பெரும்பாலும் முதலாண்டுக் கட்டுரைப் பாடத்துக்கு ஈடாகும். இலக்கியத் தேர்வு சில இடங்களில் அதற்கும், சில இடங்களில் இலக்கிய அறிமுகப் பாடத்துக்கும் ஈடாகும். இரண்டையும் எழுதினால் இரட்டிப்புக் கிரெடிட் என்றும் நினைக்க வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் இரண்டுக்கும் சேர்த்தே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இறங்கும் ஊரைத் தெரிந்துகொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

பேத்திக்கு நான் எழுதியது இதுதான்: சேர விரும்பும் நான்கைந்து கல்லூரிகளின் விதிகளை முதலில் பார். எல்லாம் கட்டுரைப் பாடத்தைக் கட்டாயமாக்கினால் பதினோராம் வகுப்பில் மொழி, பன்னிரண்டில் இலக்கியம் என்று வைத்துக்கொள். பல பள்ளிகளில் வழக்கமும் அதுவே. ஒன்றுக்குத்தான் இடமென்றால், விதிகள் இரண்டையும் சமமாக ஏற்கும் பட்சத்தில் உனக்குப் பிடித்ததை எடு. மனமில்லாமல் படித்து 2 வாங்குவதைவிட, விரும்பிப் படித்து 5 வாங்குவது மேல்.

மாப்பிள்ளைக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.