பாடசாலையில் வினாவழிக் கல்வி: தொடங்கும் முறை

ஸ்வாத்யாயம் ஐந்து வகைப்படும் என்று உமாசுவாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். வாசனை, பிருச்சனை, அனுப்பிரேட்சை, ஆம்னாயம், தர்மோபதேசம் என்பன அவை. நூலைப் படித்தல், ஐயம் வினவுதல், பொருளை உள்ளத்தில் ஆராய்தல், பிழையின்றி ஓதுதல், அறவுரை கூறல் எனத் தமிழில் உரைக்கலாம். நம் ஊர்ப் பாடசாலைகளில் முதலாவதும் நான்காவதும் ஐந்தாவதும் குறைவற நிகழ்கின்றன. இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருநாமங்களைச் சிறார் தடையின்றி ஒப்பிக்கக் கேட்டு நாம் மகிழ்கிறோம். இடையில் உள்ள வினவுதலும் ஆராய்தலும் மட்டும் எப்படியோ நழுவிவிட்டன.

வினவுதல் நம் சமயத்திற்குப் புதிதன்று. மகாபுராணமே சிரேணிக மன்னன் வினவ, கௌதம கணதரர் விடை பகர்ந்ததாக அமைந்த நூல். இன்றோ, "ஏன்?" என்று கேட்கும் பிள்ளையை, "பெரியவர்கள் சொன்னால் அப்படித்தான்" என்று அமர்த்திவிடுகிறோம். அதே பிள்ளை பள்ளியின் அறிவியல் வகுப்பில், சான்று கண்ட பின்னரே எதனையும் ஏற்கப் பழகுகிறது. அங்கே கேட்கலாம், இங்கே கேட்கலாகாது என்று அது கண்டுகொண்டால், அறம் வினாவைத் தாங்காது என்றே முடிவு கட்டும். வாய் திறந்து மறுக்காது; மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் சென்றபின் மெல்ல விலகிவிடும். இந்த இழப்பை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வினாவழிக் கல்வி என்பது ஆசிரியர் முடிவை முதலில் கூறாமல், ஒரு பொருளை மாணவர் முன் வைத்து, அவர்களே வினா எழுப்பிச் சான்று தேடுமாறு செய்தல். இதற்குரிய கருவியும் தத்வார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. எப்பொருளையும் அறிய ஆறு வாயில்கள் அங்கே கூறப்படுகின்றன: நிர்தேசம், சுவாமித்துவம், சாதனம், அதிகரணம், ஸ்திதி, விதானம். அஃதாவது, இது என்ன? யாருடையது? எதனால் ஆவது? எங்கே உள்ளது? எவ்வளவு காலம்? எத்தனை வகை? பத்து வயதுப் பிள்ளைக்கும் இவை எளிதில் விளங்கும்.

முதல் பாடத்திற்குச் செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றை நாம் பரிந்துரைக்கிறோம். அங்கே பாறை முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைக் குறிக்கும் பழங்கல்வெட்டும் அங்குள்ளது. இளைய பட்டாரர் 30 நாள் நோன்பிருந்ததைக் கூறும் கல்வெட்டும் உண்டு.

ஆசிரியர் விளக்கவுரை நிகழ்த்தாமல், கல்வெட்டின் வாசகத்தை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்து, ஆறு வாயில்களையும் அதன்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லட்டும். இது என்ன? நிசீதிகை. யாருடையது? சந்திரநந்தி ஆசிரியருடையது. எதனால்? அநசனத்தால். எங்கே? இக்குன்றில். எவ்வளவு காலம்? ஐம்பத்தேழு நாள். ஐந்து வினாக்களுக்குக் கல்லே விடை தந்துவிடும். எத்தனை வகை என்னும் ஆறாவதற்கு நூலை நாட வேண்டும். ஒருவருக்கு 57 நாளும் மற்றவருக்கு 30 நாளும் ஆனது ஏன் என்று எவரேனும் கேட்பர். கல் அதனைக் கூறவில்லை. "கல் சொல்வது இது, நாம் ஊகிப்பது இது" என்று ஏட்டில் இரு பத்திகளாக எழுதச் செய்தல் நன்று. இந்தப் பழக்கம் ஒன்றே அன்றைய நாளுக்குப் போதும்.

இனி, எழாமல் இராத வினா ஒன்று உண்டு: "உண்ணாமல் உயிர் விடுவது தற்கொலை அல்லவா?" ஆசிரியர் பலர் அஞ்சுவது இதற்கே. ஆயினும் நாட்டின் நீதிமன்றங்களே இதனைக் கேட்டுள்ளன. 2015 ஆகஸ்டு 10 அன்று ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பான குற்றம் என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் 31 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. சான்றோர் வாதிட்ட வினாவைச் சிறார் கேட்பதில் தவறு என்ன? உடனே மறுமொழி கூறாமல் சான்றுகளை அவர்கள் முன் வைக்கலாம். நீக்கவொண்ணா இடையூறு, பஞ்சம், முதுமை, தீராப் பிணி ஆகிய நிலைகளிலேயே சல்லேகனைக்கு இடமுண்டு என்கிறது சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம். இறப்பை விரும்புதலும் நோன்பின் குற்றங்களுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. விருப்பு வெறுப்பால் உயிரை மாய்ப்பதே தற்கொலை, சல்லேகனையில் அவை இல்லை என்று பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் விளக்குகிறார். இவற்றையும் உயர்நீதிமன்றத்தின் வாதத்தையும் அருகருகே வைத்து மாணவர் எண்ணட்டும். ஒரு பிள்ளைக்கு ஐயம் தீராவிடினும் பாதகமில்லை. அடுத்த வாரமும் அது வகுப்புக்கு வருமே!

எச்சரிக்கை ஒன்று அவசியம். அண்மையில் துக்கம் நேர்ந்த இல்லத்துப் பிள்ளை வகுப்பில் உண்டா என்பதை முன்னரே அறிந்துகொள்க. சிறார் எவரும் ஆர்வத்தால் நீண்ட உபவாசம் மேற்கொள்ளாதபடி பெற்றோரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

குன்றுக்குச் செல்ல இயலாதோர் தம் ஊர் ஜினாலயத்துக் கல்வெட்டையோ திருவுருவத்தின் இலாஞ்சனையையோ கொண்டு தொடங்கலாம். ஒரு வகுப்புக்கு ஒரு பொருளே போதும். செல்வோர் அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துச் செல்க. எழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தடவ எவரையும் அனுமதித்தல் ஆகாது. ஒளி பக்கவாட்டில் விழும் வேளையில் அவை தாமே எடுப்பாகத் தெரியும்.