பத்துக்குப் பத்து அறையும் பவானி ஜமக்காளமும்

வீட்டு ஸ்டீரியோவின் ஒலி நிறைவளிக்காதபோது ஆம்ப்ளிஃபையரை மாற்ற வேண்டும், அதுவும் கூடுதல் வாட்ஸ் உள்ளதாக மாற்ற வேண்டும் என்பது ஈரோட்டில் மட்டுமின்றித் தமிழ்நாடெங்கும் வேரூன்றிய நம்பிக்கையாகும். வாட்ஸ் என்பது ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய மின்திறனின் அளவே தவிர, ஒலித்தரத்தின் அளவன்று. மின்திறனை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயர்கிறது. காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு மின்திறன் வேண்டும். பெட்டியின் மீது பெரிதாக அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. என்ற எண் எந்தப் பொது அளவுகோலுக்கும் உட்படாதது. தொடர்ந்து கிடைக்கும் திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணையே நம்ப வேண்டும். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய ஆம்ப்ளிஃபையருக்குள் 12-0-12 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்குமானால், அதன் கொள்ளளவே 24 பெருக்கல் 5, அதாவது 120 வோல்ட்-ஆம்பியர் என்பதால், முகப்பில் 1000 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும் அவ்வளவு திறன் தொடர்ந்து வெளிவர வழியில்லை.

காதை வந்தடைவது ஸ்பீக்கரின் ஒலி மட்டுமன்று. சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் அதனோடு கலந்தே வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக அமைந்த அறை இங்கு மிகப் பரவலாகக் காணப்படுவது. ஒலியைப் பொறுத்தவரை அதைவிடக் கடினமான அறையைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளியைப் போல இருமடங்கு அலைநீளம் கொண்ட ஒலி, அவற்றிடையே முன்னும் பின்னும் மோதி ஒரே இடத்தில் நின்று வலுப்பெறுகிறது. இதற்கு நிலையலை என்று பெயர். 10 அடி இடைவெளியில் இது சுமார் 56 ஹெர்ட்ஸில், அதாவது பேஸ் கிட்டாரின் 55 ஹெர்ட்ஸ் தந்திக்கு மிக அருகில் எழுகிறது. மூன்று திசைகளிலும் அதே எண்ணே அமைவதால், பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை முழங்க, அடுத்த சுரங்கள் மெலிகின்றன. இந்த முழக்கத்தையே "நல்ல பேஸ்" என்று கொண்டு ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைப்பது அதை மேலும் தூண்டிவிடுகிறது. சுவரிலிருந்து இரண்டடியேனும் பெட்டிகளை முன்னே இழுத்து, ட்வீட்டர் எனும் உயரொலிக் கூம்பு அமர்ந்திருப்பவரின் காது மட்டத்தில் இருக்குமாறு ஸ்டூலின் மீது ஏற்றி, நாற்காலியையும் பின்சுவரிலிருந்து நகர்த்துவது செலவே இல்லாத வைத்தியம். ஆனால் அறையின் நட்டநடுவில் அமர்ந்தால், நிலையலையின் அழுத்தம் அங்குதான் மிகக் குறைவு என்பதால், தாழொலி காணாமற்போகும்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் அறை ஸ்டுடியோவாகிவிடும் என்ற நம்பிக்கை, முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லுக்கு இவ்வளவு அருகில் உள்ள ஈரோட்டில் எளிதில் பரவக்கூடியதே. மெல்லிய காகிதக்கூழ் அட்டை உயரொலியில் சிறு பங்கை உறிஞ்சுமே ஒழிய, தாழொலியைத் தொடுவதில்லை, பக்கத்து வீட்டுக்குச் செல்லும் சத்தத்தையும் தடுப்பதில்லை. எளிதில் தீப்பற்றக்கூடியதும் ஆகும். இதற்கு நேர்மாறாக, ஒலியை உண்மையில் அடக்கும் பொருளான துணி ஈரோட்டுக்கு மிக நெருக்கமானது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக்கூடம் ஒன்றில் பேச்சு புரியாத அளவுக்கு எதிரொலி நீடித்தபோது, 1895இல் அதை ஆராய முற்பட்ட வாலஸ் சபைன், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பரப்பி, எதிரொலி அடங்கும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். நவீன கட்டட ஒலியியல் அந்தத் துணி மெத்தைகளிலிருந்துதான் பிறந்தது. தன் மீது படும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கை மட்டுமே உறிஞ்சும் டைல்ஸ் தரையில் பவானி ஜமக்காளத்தை விரிப்பதும், சென்னிமலைப் போர்வையைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளிக் கொசுவம் கொசுவமாகத் தொங்கவிடுவதும் அவ்வகையில் அறிவியல் சார்ந்த செயல்களே. அந்தச் சென்னிமலையில் அரங்கேறியதாகப் போற்றப்படும் கந்தசஷ்டி கவசத்தின் விரைந்தோடும் குறுஞ்சொற்கள் ஒன்றோடொன்று குழையாமல் கேட்கின்றனவா என்பதை, விரிப்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

துணிக்கும் எல்லை உண்டு. ஓர் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்குக்கு நெருங்கிய ஆழம் இருந்தால்தான் அதை நன்கு உறிஞ்ச முடியும். 1000 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 9 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கோ 86 சென்டிமீட்டர். ஆகவே தாழொலியை அடக்கப் போர்வை உதவாது. அறை மூலைகளில் நிறுத்திய தடித்த இலவம்பஞ்சு மெத்தை ஓரளவு உதவும், அதைவிட இருக்கையை நகர்த்துவது கூடுதலாக உதவும்.

விலையுயர்ந்த கேபிளைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 5 மீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்பினாலும் அதன் மின்தடை 0.12 ஓமுக்கு உட்பட்டதே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது பொருட்படுத்தத் தக்கதன்று. கம்பியில் கவனிக்க வேண்டியது விலையன்று, இணைப்பு. ஒரு பெட்டிக்குச் சிவப்பும் கறுப்பும் சரியாகவும் மற்றதற்கு மாறியும் மாட்டப்பட்டால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, இரண்டின் தாழொலியும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒரு பெட்டியின் இரு முனைகளை மட்டும் மாற்றி மாட்டியதும் பேஸ் திரும்புகிறது. பாடகரின் குரல் இரு பெட்டிகளுக்கும் நடுவே வந்து நிற்கிறது.