கரிக்குள் ஒரு காணி

மண்சரிவினால் வீட்டையும் பயிர்நிலத்தையும் விட்டு இடம்பெயர்ந்த எமக்கு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பற்றிய பாடம் எதற்கு என்று தோன்றலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. சரிவுக்குக் காரணங்கள் பல: செங்குத்தான நிலம், அடைபட்ட வடிகால், அடைமழை. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் பெருமழை மேலும் கனக்கிறது. மனிதர் வெளியிட்டுக் காற்றைச் சூடாக்கும் வாயுக்களுள் முதன்மையானது காபனீரொட்சைட்டு. ஆலைகள் பெருகுமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது 280 பங்கு. இன்று 420க்கும் மேல்.

அதைப் பிடித்து அடைக்க முடியுமா? விடையை அடுப்படியிலிருந்தே தொடங்குவோம்.

கரி சொல்லும் பாடம்

சிரட்டைக்கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. கடும் சூட்டில் நீராவி செலுத்தினால் அவை மேலும் பெருகும். அப்படிப் பதப்படுத்திய ஒரு கிராம் கரியின் உட்சுவர்களை விரித்தால் சுமார் 1,000 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 40 பேர்ச்சஸ் வரும். 7 பேர்ச்சஸ் காணிக்குக் காத்திருக்கும் எமக்கு இது வியப்பே! நீரின் அழுக்கும் வாயுக்களும் அச்சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். மின்னேற்றத்தையும் அங்கே சேமிக்கலாம். எமது நாட்டில் 1973இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் சிரட்டைக்கரியிலிருந்தே இத்தகைய கரியைத் தயாரிக்கிறது.

கட்டியெழுப்பிய துளைகள்

கரியின் துளைகள் ஒரே அளவானவை அல்ல. எனவே விஞ்ஞானிகள், கூரைக்கு மரம் பொருத்துவதுபோல், உலோக அணுக்களை மூட்டுகளாகவும் காபன் சேர்ந்த மூலக்கூறுகளைச் சட்டங்களாகவும் வைத்து, வேண்டிய அளவில் அறைகளைக் கட்டினர். இதற்காக 2025இல் சுசுமு கித்தகாவா, றிச்சட் றொப்சன், ஒமார் யாகி ஆகியோர் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். யாகி, அம்மான் நகரில் இடம்பெயர்ந்த பலஸ்தீனக் குடும்பத்தில் 1965இல் பிறந்தவர். ஒரே அறையில், கால்நடைகளுடன் வாழ்ந்த குடும்பம் அது.

அறைச்சுவரில் 'அமைன்' என்னும் காரத்தன்மையுள்ள பொருளைத் தொங்கவிட்டால், அமிலத்தன்மையுள்ள காபனீரொட்சைட்டு அதில் சிக்கும். சூடாக்கினால் விடுபடும், அதைச் சேகரித்து நிலத்தின் ஆழத்தில் அடைக்கலாம். யாகியின் குழு 2024இல் வெளியிட்ட, உலோகம் சேராத ஒரு சட்டகத்துக்கு 60 பாகைச் சூடே போதும். அதில் 200 கிராம், ஆண்டுக்கு 20 கிலோ காபனீரொட்சைட்டைப் பிடிக்கக்கூடும் என்று அவர்கள் கணக்கிட்டனர். ஒரு மரம் செய்யும் வேலை அது.

எமக்கு என்ன?

இத்தூள் வாயுவைப் பிடிக்கும், மண்ணைப் பிடிக்காது. மரமோ இரண்டையும் பிடிக்கும். அதிகம் புகை கக்கிய நாடுகள் இத்தூளுக்குச் செலவிடட்டும். அது அவர்கள் கடன். ஆனால் அவர்களது இயந்திரம் வரும்வரை எமது மலை காத்திராது.

கூடிப் பேசுவோம்

1. எமது குடியிருப்புக்கு மேலுள்ள சரிவில் மரங்கள் நிற்கின்றனவா? வெட்டுவது யார்?

2. அடுத்த மழைக்கு முன் எந்த வடிகாலைத் துப்புரவாக்குவோம்? எங்கே கன்று நடுவோம்?