நினைவிழந்தாரைப் பேணுவோர்க்கு ஒரு தியான நெறி

முதுமையில் நினைவும் அறிவும் படிப்படியாகக் குன்றும் நோயை மருத்துவர் டிமென்ஷியா என்பர். மறதி நோய் எனத் தமிழில் வழங்குகிறோம். இதன் தலையாய வகையை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் எடுத்துரைத்தார். நம் பாரத நாட்டில் 60 வயது கடந்தோருள் 7.4 சதவிகிதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுற்றுள்ளனர் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோரைக் காப்போர் மனைவியரும் மக்களும் மருமக்களுமே ஆவர்.

பேணுவோர் படும் துயரம் இருவகைத்து. உறக்கமற்ற இரவுகளும், ஒரே வினாவுக்குப் பலமுறை விடை கூறும் சலிப்பும், தம்மையறியாது எழும் சினமும் ஒருபுறம். ஆஸ்திகக் குடும்பங்களில் மற்றொரு வேதனையும் உண்டு. வாழ்நாளெல்லாம் திருவாராதனம் செய்தவர் இன்று எம்பெருமான் திருநாமத்தையும் மறந்தாரே. அந்திம காலத்தில் அவனை நினையாதவர் கதி யாதாகும் என்பதே அது.

நம் ஸித்தாந்தம் இதற்குத் தெளிவான விடை கூறுகிறது. ஆத்மாவின் ஸ்வரூபம் குறைவதில்லை. சுருங்குவதும் விரிவதும் தர்மபூத ஞானமே. விளக்கின் ஒளியைக் கூடு மறைத்தாலும் சுடர் அணைந்ததாகாது. நினைவு தெளிவாக இருந்த நாளில் தன்னைச் சிந்தித்த அடியானை, அவன் ஒன்றும் அறியாது கிடக்கும் நாளில் தானே நினைந்து கரைசேர்ப்பதாக ஸ்ரீவராஹப் பெருமான் பூமிப் பிராட்டிக்கு வாக்களித்தான். இதனையே வராஹ சரம ச்லோகம் எனப் போற்றுகிறோம். பெரியாழ்வாரும் இறுதிக்காலத்துக்கான விண்ணப்பத்தைத் திருவரங்கன் திருமுன்பே முன்கூட்டிச் செய்து வைத்தார். ஆகவே, அவர் மறந்தாலும் அவன் மறவான் என்னும் துணிவே பேணுவோரின் தியானத்துக்கு அடிப்படையாகும்.

இனிப் பயிற்சி முறை. நோயாளர் உறங்கும் வேளையில் சற்று அமர்க. முதலில் ஸாத்விக த்யாகத்தை நெஞ்சில் கொள்க: இப்பணியைச் செய்பவன் நானல்லேன், இது என்னுடையதன்று, இதன் பலனும் எனக்கன்று, எம்பெருமான் தன் உகப்புக்காகத் தானே செய்வித்துக் கொள்கிறான். பின்னர் மூச்சை மெல்ல இழுத்து, விடும்போது கேசவன் முதல் தாமோதரன் ஈறாகப் பன்னிரு திருநாமங்களை, மூச்சுக்கு ஒன்றாக அநுஸந்திக்க. முதற்சுற்று வாய்விட்டும், அடுத்தது உதட்டளவிலும், மூன்றாவது மனத்தளவிலும் ஆகுக. இடையில் எண்ணம் சிதறினால் வருந்தாமல், விட்ட நாமத்திலிருந்தே தொடரலாம். முடிவில் மீண்டும் ஸாத்விக த்யாகம் செய்க. பத்து நிமிடத்துக்குள் இது நிறைவுறும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், மறதி நோயாளரைப் பேணும் உறவினர் 39 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் நாள்தோறும் 12 நிமிடம், 8 வாரம், மந்திர ஒலியோடு கூடிய கீர்த்தன் கிரியா என்னும் தியானம் பயின்றனர். மற்றையோர் அமைதி தரும் இசை கேட்டனர். தியானம் பயின்றோரிடம் மனச்சோர்வு அதிகம் குறைந்தது. மனநலமும் அறிவுத்திறனும் மேம்பட்டன. ஆய்வு சிறியது, மந்திரமும் வேறு. எனினும் நாள் தவறாத சிறு பயிற்சியின் பயனை இஃது உணர்த்துகிறது.

தியானம் மருத்துவத்துக்கு மாற்றன்று. தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி-12 குறைவு போன்றவற்றாலும் மறதி தோன்றும். அவை சிகிச்சைக்கு இணங்குவன. எனவே முதலில் மருத்துவரைக் காண்க. பேணுவோருக்கே நம்பிக்கையின்மை நீடித்தால், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416-ஐ நாடலாம். உத்ஸவ நெரிசலுக்கு நோயாளரை அழைத்துவரின், முகவரிச் சீட்டொன்றை அவர் சட்டைப்பையிலோ இடுப்பு முடிச்சிலோ வைப்பது நலம்.

இன்னொன்றும் வேண்டும். செய்விப்பவன் அவனாயின், பிறர் கைகொடுக்க வருவதும் அவன் அனுப்பியதே. அதனை மறுத்து எல்லாச் சுமையையும் ஒருவரே தாங்க வேண்டுவதில்லை. தேர் வடத்தையும் பலர் கூடியன்றோ இழுக்கிறோம்! உத்ஸவம் ஸேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள், இத்தகைய இல்லம் ஒன்று அருகிருப்பின், ஒரு மாலைப்பொழுதாவது நோயாளரின் அருகிருந்து, பேணுபவருக்கு ஓய்வளிப்பார்களாக. அதுவும் பாகவத கைங்கர்யமே.