பட்டறை மேசைக்கு எந்த எஃகு?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

"இரும்பு வளையுமா?" என்று கேட்பவர்கள் ஒருமுறை வெல்டிங் பட்டறைக்கு வந்து பார்க்க வேண்டும். வளையாத இரும்பு உலகில் இல்லை. எவ்வளவு வளைகிறது என்பதே கேள்வி. அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்ததை இங்கு எழுதுகிறேன்.

என் தந்தையார் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு அவர் செய்து கொடுத்த இரும்புக் கதவு ஒன்று நிலையில் பொருந்தாமல் திரும்பி வந்தது. சமதளத்தில் கிடத்திப் பார்த்தோம். ஒரு மூலை தூக்கி நின்றது. குற்றம் அதைப் பற்றவைத்த பழைய ஆங்கிள் மேசையினுடையது. கூலியும் இரும்பும் நட்டம். அரை டன் தாங்கும்படி, 1.8 மீட்டர் நீளத்தில் புதிய மேசை செய்ய அப்பா முடிவு செய்தார்.

"கடையில ஒசந்த கிரேடு இரும்பா வாங்கச் சொல்றாங்க. நீ படிக்கிறியே, எது வாங்கலாம் சொல்லு" என்றார். என் பாடத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அன்றிரவு ஆய்வகப் பதிவேட்டைப் புரட்டினேன். இரு கத்திமுனைகளின் மேல் சட்டத்தை வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, நுண்ணோக்கியால் இறக்கத்தை அளந்து யங் குணகம் கண்டோமே, அதே சோதனைதான் இந்த மேசையும். இறக்கத்தை நான்கு காரணிகள் முடிவு செய்கின்றன: சுமை, நீளத்தின் மும்மடி, யங் குணகம், குறுக்குவெட்டின் வடிவம்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். ஈ250 என்ற சாதாரண எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் தகைவு வரையிலும், ஈ350 என்ற உயர்ந்த எஃகு 350 நியூட்டன் வரையிலும் நிரந்தரமாக வளையாமல் தாங்கும். ஆனால் இரண்டின் யங் குணகமும் ஏறக்குறைய ஒன்றே: சதுர மில்லிமீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன். விலை கூடினால் வலிமை கூடும், விறைப்பு கூடாது.

கணக்கிட்டுப் பார்த்தேன். அரை டன்னை இரு நீளச் சட்டங்கள் பகிர்ந்தால் ஒன்றுக்கு 250 கிலோ. மேல்தகட்டின் உதவியைச் சேர்க்கவில்லை. 50×50×3 மி.மீ. சதுரக் குழாயின் நடுவில் சுமை நின்றால் தகைவு சுமார் 132 நியூட்டன்தான். குழாய் பத்திரமாக இருக்கும். ஆனால் இறக்கம் 7 மி.மீ.! ஈ350 வாங்கினாலும் அதே 7 மி.மீ. 75×75×5 குழாயானால் 1.3 மி.மீ. மட்டுமே. சுமையை எடுத்தால் மேசை நிமிர்ந்துவிடும். அது வளைந்திருந்தபோது பற்றவைத்த கதவு நிமிராது.

அடுத்தது முறுக்கு. 50×50×6 ஆங்கிளும் 50×50×3 சதுரக் குழாயும் மீட்டருக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ. எடை ஒன்றாயினும், முறுக்கைத் தடுப்பதில் குழாய் ஆங்கிளைவிட 40 மடங்குக்கும் மேல் வலியது. காரணம், குழாயின் சுவர் நான்கு புறமும் மூடியிருப்பது. ஐயமிருந்தால் தாளைக் குழலாகச் சுருட்டி விளிம்பை ஒட்டி முறுக்கிப் பாருங்கள். பிறகு நீளவாக்கில் வெட்டிவிட்டு முறுக்குங்கள். எங்கள் பழைய மேசையின் நோய் புரியும்.

முடிவை எழுதிக் கொடுத்தேன்: சாதாரண எஃகே போதும்; நீளச் சட்டங்கள் இரண்டும் 75×75×5; கால்களும் குறுக்குச் சட்டங்களும் 50×50×3; தரை மேடுபள்ளத்துக்கு ஈடாகக் காலடியில் திருகும் போல்ட்டுகள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டாம், 907 டிகிரி செல்சியஸில் துத்தநாகம் கொதித்து எழும் புகை பற்றவைப்பவருக்குக் காய்ச்சலைத் தரும்.

அப்பா தாளை இருமுறை படித்தார். "பைப்பு முறுக்காதுன்னு என் கைக்குத் தெரியும். ஏன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார்.

அவர் கைக்குத் தெரிந்ததை என் பதிவேட்டில் எழுதியிருந்தும், அதுவரை எனக்குத்தான் தெரியவில்லை. நண்பர்களே, அடுத்த முறை நுண்ணோக்கியில் கண் வைக்கும்போது, அந்தச் சிறு சட்டத்துக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கூலி நிற்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.