நாள்பட்ட இடுப்பு வலி: மாத்திரைக்கு அப்பால் என்ன இருக்கிறது?

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுபவர்களையும், பால்மரம் சீவி ஓய்ந்த பெரியவர்களையும் கேட்டுப் பாருங்கள். “இடுப்பே போச்சு” என்பார்கள். பட்டணத்துக்குக் குடியேறி, தொழிற்சாலையில் நின்றும் அலுவலகத்தில் உட்கார்ந்தும் வேலை செய்யும் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். தைலம், கோயோக், இடுப்புப் பட்டை, வலி மாத்திரை, கடைசியில் படுக்கை. பல வீடுகளில் வைத்தியம் இந்த வரிசையில்தான் நடக்கிறது. அறிவியல் காட்டும் வரிசை வேறு.

2020-ஆம் ஆண்டில் உலகில் 619 மில்லியன் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2050-இல் இது 843 மில்லியனாக உயரலாம். வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது ‘நாள்பட்ட வலி’. அப்படி அவதிப்படுவோரில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு, குறிப்பிட்ட ஒரு நோயையோ எலும்புச் சேதத்தையோ காரணமாகச் சுட்டிக்காட்ட முடிவதில்லை.

வலி எப்படித் தொடங்குகிறது?

மாணவர்களே, பள்ளியில் படித்த நெம்புகோலை (துவாஸ்) நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 20 கிலோ செம்பனைக் குலையை ஒருவர் குனிந்து, கையை நீட்டித் தூக்குகிறார். குலை முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசையோ முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில்தான் இழுக்கிறது. 40-ஐ 5-ஆல் வகுத்தால் 8. ஆகவே அந்தத் தசை 20 கிலோவின் எட்டு மடங்கு, அதாவது 160 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தர வேண்டும். மேலுடலின் எடையை நாம் இன்னும் சேர்க்கவில்லை.

அதே குலையை உடலை ஒட்டி, 20 செ.மீ. தூரத்தில் பிடித்தால் விசை 80 கிலோ அளவுக்கு, சரிபாதியாகக் குறைகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியை முதலில் மார்போடு அணைத்தும், பிறகு கையை நீட்டியும் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

ஏன் நீடிக்கிறது?

தசைப்பிடிப்பும் சுளுக்கும் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் சிலருக்கு நரம்பு மண்டலம் கூருணர்வு அடைந்துவிடுகிறது. திருடன் ஓடிய பிறகும் அலறிக்கொண்டிருக்கும் எச்சரிக்கை மணியைப் போல, காயம் ஆறிய பின்னும் வலிச் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. வலி மெய்தான்; ஆனால் ‘எலும்பு நொறுங்குகிறது’ என்பது அதன் பொருளல்ல. அந்தப் பயத்தில் அசையாமல் இருந்தால் தசை தளரும். தளர்ந்த தசை சிறு வேலைக்கும் வலிக்கும். வலித்தால் பயம் இன்னும் கூடும். இந்தச் சுழலை உடைப்பதே சிகிச்சை.

‘ஸ்கேனில் வட்டு பிதுங்கியிருக்கிறது’ என்றதும் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்கும் வட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. தலை நரைப்பதைப் போல, இதுவும் பலருக்கு வயதின் அடையாளமே.

எது உதவும், எது உதவாது?

2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான தன் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கமும் சுயபராமரிப்பும், முறையான உடற்பயிற்சி, பயம், கவலை ஆகியவற்றைக் கையாளும் உளவியல் சிகிச்சை, பயிற்சி பெற்றவர் செய்யும் உருவுதல், முதுகெலும்புக் கைச்சிகிச்சை ஆகியவை உதவக்கூடியவை என்று அது கூறுகிறது. இடுப்புப் பட்டை, இடுப்பை இழுத்துக் கட்டும் சிகிச்சை, ஓப்பியாய்டு வகை வலி மருந்து ஆகியவை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படவில்லை.

செலவில்லாத பயிற்சி நடை. ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. ஒரு பிரிவினர் பிசியோதெரபி நிபுணரின் வழிகாட்டலுடன் படிப்படியாக நடையைக் கூட்டினர். மற்றவர்களுக்கு அந்தத் திட்டம் இல்லை. நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

எப்படித் தொடங்குவது? வெயில் தாழ்ந்ததும் வீட்டருகே உள்ள திடலில் 10 நிமிடம் நடக்கலாம். வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டி, 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்ற அளவை எட்டலாம். தொடக்கத்தில் சிறிது வலித்தால் அஞ்ச வேண்டாம். நேரத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். வலி இல்லாத நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து, மறுநாள் படுத்துவிடுவதும் கூடாது.

உதவி எங்கே?

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தேவையானால் மருத்துவர் பிசியோதெரபிக்கு அனுப்புவார். சொக்சோ சந்தா செலுத்தும் தொழிலாளர்களுக்காக நம் மலாக்காவிலேயே, ஹங் துவா ஜெயாவில், துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்குகிறது. வேலையில் அடிபட்டவர்கள் தங்களுக்கு அங்குச் சிகிச்சை பெறத் தகுதி உண்டா என்று சொக்சோ அலுவலகத்தில் கேட்கலாம்.

சில அறிகுறிகளுக்கு நடையும் உருவுதலும் மருந்தல்ல. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனமடைதல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விழுந்த பின் கடும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. வீட்டில் தாத்தா பாட்டி ‘இடுப்பு தேய்ந்துவிட்டது, இனி அசையக் கூடாது’ என்று நினைத்துக்கொண்டிருந்தால், மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அவர்களுக்கு இந்தப் பாடத்தை விளக்குங்கள். பிறகு 10 நிமிட நடைக்கு நீங்களும் கூடவே போங்கள். தனியாக நடக்கப் பயப்படுபவர், துணை இருந்தால் நடப்பார்.